எட்டும் பன்னிரண்டும்

யாழ்ப்பாணத்தில் கொழும்புத்துறை வீதியோரம் ஓர் ஓலைக் கொட்டிலில் அருளம்பலத்தாரின் தனியார் ரியூட்டரி நடந்தது. அங்கே சாதாரண தர வகுப்புக்கு வர்த்தகம் படிப்பித்தவள் பெர்னடெட். கொழும்பில் ஒரு வங்கி நேர்முகத்துக்குப் புறப்பட இருந்த கிழமையில்தான் எண்பத்துமூன்று கலவரம் வந்தது. மூன்று வருடமாகியும் அவள் கொட்டிலை விட்டு நகரவில்லை. ஷெல் விழுகிற நாட்களில் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாத நாட்களுக்குச் சம்பளமும் இல்லை.

அன்றைய பாடம் ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் நூற்றுக்கு எட்டை வெட்டி, முதலாளி தன் பங்காகப் பன்னிரண்டைப் போட்டுக் கட்ட வேண்டும். வயது போனபின் அது கைக்கு வரும் என்று விளங்கப்படுத்தினாள். கட்டாத முதலாளி ஆட்களையும் மறைப்பான், வரியையும் மறைப்பான். அவனிடம் கையில் காசு வாங்கிப் போகிறவனுக்கு, அங்கே வேலை செய்தான் என்பதற்கே சாட்சி இராது.

"எங்கடை வீட்டுச் சேமலாப நிதி அண்ணைதான் ரீச்சர். ஜேர்மனியிலை நிக்குது," என்றாள் மாணவி யசிந்தா.

வகுப்பு சிரித்தது. தாய் காணியை ஈடு வைத்து அனுப்பிய அந்த அண்ணையிடமிருந்து மாதக்கணக்காகக் கடிதமே இல்லை. பள்ளி விட்டதும் யசிந்தா, மீன்பிடி முதலாளி தம்பிஐயா சம்மாட்டியின் கடற்கரை வாடியில் இறால் உரிக்கப் போவாள். அந்தக் காசில்தான் வீட்டில் உலை கொதித்தது.

சிரிப்பு அடங்க அவளே கேட்டாள்: "உங்களுக்கு வெட்டுறவையோ ரீச்சர்?"

அருளம்பலத்தார் ஒரு சதமும் கட்டியதில்லை. அதைச் சொன்னால் பலகையில் எழுதியதை இனி யார் நம்புவார்கள் என்று பெர்னடெட்டுக்குப் பட்டது. "ஓம்," என்றாள்.

அதை நம்பிய யசிந்தா மறுநாளே சம்மாட்டியிடம் போய், ரீச்சருக்குக் கட்டுகிறார்கள், எங்களுக்கும் கட்டுங்கோ என்று கேட்டுவிட்டாள். மற்றப் பெண்கள் கை வேலையை நிறுத்திக் காது கொடுத்தார்கள். அன்று பின்னேரமே அவளை வேலையிலிருந்து நிற்பாட்டியாயிற்று. வகுப்பிலும் அவளைக் காணாமல் விசாரித்த பிறகே பெர்னடெட்டுக்கு இது தெரிந்தது.

வாடிக்குப் போனாள். தம்பிஐயா கோபப்படவில்லை. ஒருத்திக்குப் பதிந்தால் எல்லோருக்கும் பதிய வேண்டும், பிறகு வரிக்காரன் வந்து மற்றதையும் கிண்டுவான் என்றார். அருளம்பலத்தாரைத் தேத்தண்ணிக் கடையில் கண்டு விசாரித்ததாகவும் சொன்னார்.

"அந்தாள் விழுந்து விழுந்து சிரிச்சுது. பிள்ளையை நாளைக்கே எடுக்கிறன். ஆனா உங்களுக்கும் வெட்டுறேல்லை எண்டு நீங்களே சொல்லோணும். இஞ்சை, இவையள் எல்லாருக்கும் கேக்கத்தக்கதா."

அரசாங்கத் தொழில் கந்தோருக்கு முறைப்பாடு எழுதலாம். எழுதினால் முதலில் அகப்படுவது அவளுக்குச் சோறு போடும் கொட்டில்தான். யசிந்தா வீட்டு அடுப்போ அதுவரை காத்திருக்காது.

மறுநாள் இறால் குவியல்களுக்கு நடுவே நின்று, தனக்கும் வெட்டுவதில்லை என்று சொன்னாள். பெண்கள் தலை நிமிரவில்லை. வேலைக்குத் திரும்பியிருந்த யசிந்தா மட்டும் அவளையே பார்த்தாள்.

"அப்ப ஏன் ரீச்சர் அதைப் படிப்பிக்கிறியள்?"



"சோதினைக்கு வரும்," என்றாள் பெர்னடெட்.

யசிந்தா ஒரு கூடையை இழுத்துக்கொண்டு குந்தினாள். வகுப்புக்கு அவள் பிறகு வரவில்லை.

மார்கழியில் சாதாரண தரச் சோதனையில் அந்தச் சேமலாப நிதிக் கேள்வி வந்தது.