பொட்டு வைத்த பிளாப்பி

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய பிளாப்பி இருக்கிறது. இப்போதுள்ள பிள்ளைகளிடம் காட்டினால் என்னவென்றே தெரியாது. கையில் பிடித்தால் வளையும் கறுப்புச் சதுரம், நடுவில் வட்டமாக ஒரு துளை, அதற்குக் கீழே நீளவாக்கில் ஒரு சந்து. அந்தச் சந்தின் வழியாகத்தான் கம்ப்யூட்டர் உள்ளிருக்கும் பழுப்பு வட்டைத் தொட்டுப் படிக்கும். என்னிடம் உள்ள பிளாப்பியில், சரியாக அந்தச் சந்தின் மீது, காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருக்கின்றன. வைத்தவன் நான். முப்பது வருடமாகியும் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

பிளாப்பி என் அண்ணியுடையது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், செங்கல்பட்டில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் போன்கூட இல்லாத காலத்தில், தன் அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பச்சை எழுத்து மட்டும் தெரியும் திரை. உள்ளே எதையும் சேமிக்க இடம் கிடையாது. செய்ததெல்லாம் பிளாப்பியில் இருந்தால்தான் உண்டு. அண்ணன் ஒரு வாரம் தட்டிப் பார்த்துவிட்டு அலுத்துப்போனார். செய்யூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணி, கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவர். மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அதன் முன்னால் உட்காருவார். விளையாட ஏதாவது கேம் கிடைக்குமா என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் தாமே ஒன்றை எழுதத் தொடங்கியிருந்தார்.

மாமல்லபுரம் கரையிலிருந்து ஒரு கட்டுமரத்தை அலைகளைத் தாண்டிக் கடலுக்குள் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. படம் போடுவது என் பொறுப்பு. நான் அப்போது மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கடையில் விற்பனையாளன். கூட்டமில்லாத நேரத்தில் கிராஃப் தாளில் பென்சிலால் கட்டங்களை நிரப்புவேன். கட்டுமரத்துக்குப் பதினாறு கட்டம், துடுப்புப் போடுகிறவன் தலைக்கு இரண்டு. அண்ணி அவற்றை எண்களாக மாற்றித் தட்டுவார். ஒரு கட்டம் பிசகினாலும் தலை தனியாகப் போய்க் கடலில் மிதக்கும். "தம்பி, உன் ஆளு தல மட்டும் முட்டுக்காட்டுக்குப் போய்கினு கீது பாரு" என்று சிரிப்பார்.

அலைதான் சரியாக வரவில்லை. ஒரே சீராக, ரயில் பெட்டி மாதிரி வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் இழுத்துக்கொண்டு அண்ணி மாமல்லபுரத்துக்கே வந்துவிட்டார். கோயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மணலில் உட்கார்ந்து, அண்ணனின் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நோட்டில் கோடு போட ஆரம்பித்தார். வலையை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா எண்ணிகினு கீற?"

"அலைங்க."

"அத எண்ணி இன்னா பண்ணப் போற?"

"பொட்டிக்குள்ள வுடப் போறேன்."

அவர் அண்ணனைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பக்கத்தில் வந்து குந்தினார். "எல்லா அலையும் ஒண்ணு இல்லம்மா. பெருசு பெருசா வரும், அப்பால கடலு கொஞ்சம் சும்மா இருக்கும். அப்பத்தான் மரத்த தள்ளணும். வுட்டா போச்சு." அண்ணி அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் திரையில் பச்சைக் கடல் பொங்கியது, பொங்கியது, பிறகு ஒரு நொடி அடங்கியது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

சென்னையில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குக் கேம் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு அண்ணி கடிதம் போட்டார். சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் பிளாப்பியோடு நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது. பிடித்திருந்தால் வேலை. தினமும் மின்சார ரயிலில் போய்வரலாம். இதற்கு அம்மாவைச் சம்மதிக்க வைக்க அண்ணி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அவங்க எடுத்துக்கினா போ, இல்லன்னா இந்தப் பேச்சயே வுட்டுடணும்" என்று கடைசியில் அம்மா இறங்கிவந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணி இரண்டு பிளாப்பிகளில் விளையாட்டை ஏற்றி வைத்தார். யாரையும் தொட விடமாட்டார். "அந்த சந்துல வெரலு படக் கூடாது" என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணையிலிருந்து சைக்கிள் வரை எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அன்று பொட்டு. அண்ணிக்கு அன்று மாதவிலக்கின் இரண்டாம் நாள். அந்த விஷயத்தில் அம்மாவிடம் மறுபேச்சே கிடையாது. மூன்று நாளும் பின்பக்க அறைதான். பூஜை நடக்கும் கூடத்தில் கால் வைக்கக் கூடாது. கம்ப்யூட்டரும் பிளாப்பியும் இருந்தது கூடத்தில். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி குரல் கொடுத்தார்: "தம்பி, என் பிளாப்பி ரெண்டுக்கும் பொட்டு வெச்சிடு. கவர எடுத்து வெய்யி."

பிளாப்பியைப் போட்டு வைக்கும் காகித உறையைத்தான் கவர் என்போம். அந்தக் கவரை எடுத்து அதன்மேல் வை என்று அண்ணி சொன்னார். கவரை எடுத்துவிட்டு உள்ளே இருப்பதற்கு வை என்று எனக்குக் கேட்டது. எடு என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு வேலை. எனக்கு வந்து சேர்ந்தது தப்பான வேலை. எதற்குமே முகம் மாதிரி ஓர் இடம் பார்த்துத்தானே பொட்டு வைப்போம்? அந்தக் கறுப்புத் தகட்டில் பளபளவென்று இருந்தது அந்தச் சந்து மட்டும்தான். விரல் படக் கூடாது என்பதும் எனக்கு மறக்கவில்லை. அதனால் தீக்குச்சியில் தொட்டு வைத்தேன். என்ன ஒரு மூளை! ஒன்றுக்கு வைத்து மற்றொன்றை விடக் கூடாது என்று இரண்டுக்கும் வைத்து, காய்ந்ததும் பத்திரமாகக் கவரில் போட்டேன்.

நான்காம் நாள் காலை தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, ரயிலுக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அண்ணி வந்தார். பழகிய கை, கவரிலிருந்து உருவிய வேகத்தில் பிளாப்பியை உள்ளே தள்ளினார். கர்ர்ரென்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி. வெளியே இழுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்லா வெச்சிருக்கேன் இல்ல அண்ணி?" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு பிளாப்பியை உருவி, அதே பொட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே போடாமலேயே மேசையில் வைத்தார். பிறகு உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கினார். திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எரிச்சல்தான். பிளாப்பி படிக்கும் பகுதி கெட்டுப்போயிருந்தது. செங்கல்பட்டில் அதைச் சரிசெய்ய ஆளில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று அண்ணி சென்னைக்கு எழுதினார், பதிலே இல்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார் அம்மா. யாருக்கு நல்லது என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டார். சில வருடம் கழித்து, அண்ணி உள்ளூரிலேயே ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனார். திரும்ப எழுதுங்கள் அண்ணி, கிராஃப் தாளெல்லாம் என்னிடம் இருக்கிறது என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். அந்த அலை மறுபடி வராது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். அவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு.

போன மாதம், பழைய ஒலிநாடாக்களையும் பிளாப்பிகளையும் மீட்டுத் தருகிற ஒருவரைச் சென்னையில் பிடித்தேன். நான் எடுத்து வைத்திருந்த, உள்ளே போடாத அந்த இரண்டாவது பிளாப்பியை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பூஞ்சை புடிச்சிப் போச்சு சார். அன்னிக்கே அந்தக் கறுப்பு ஒறய வெட்டி, உள்ள இருக்குற வட்ட எடுத்து, நல்ல தண்ணில அலசிக் காய வெச்சி, வேற ஒறைல போட்டிருந்தா படிச்சிருக்குமே?" என்றார், சட்டையில் கறை பட்டதற்கு யோசனை சொல்வதுபோல. திரும்பும் ரயிலில் என்னால் உட்காரவே முடியவில்லை.

நேரே அண்ணியிடம் போனேன். அவருக்கு இப்போது தலை முழுக்க நரை. பிளாப்பியைக் கையில் கொடுத்து, துடைத்திருந்தால் போதுமாம் அண்ணி, வெறும் தண்ணீராம் என்று கொட்டித் தீர்த்தேன். அவர் அந்தப் பொட்டைப் பார்த்தார்.

"அன்னிக்கு என்னிய கூடத்துக்குள்ள வுட்டிருந்தா, தொடைக்கவே வேணாமே தம்பி" என்றார்.

சொல்லிவிட்டுக் கவரை வாங்கி, சந்தில் விரல் படாமல் பிளாப்பியை உள்ளே போட்டு, என்னிடம் நீட்டினார்.