கழுத்தில் வெள்ளி

எனக்கு வெள்ளிப் பைத்தியம் பிடித்தது நாங்கள் இப்போது குடியிருக்கும் புறநகரான கர்க்லாண்டில், எங்கள் தெருமுனை வீட்டில் நடந்த கராஜ் சேலில். அந்த வீட்டுத் தம்பதி பனிக்காலம் முழுவதையும் அரிசோனாவில் கழித்துவிட்டு வசந்தத்தில் திரும்புகிறவர்கள். வயதாகிவிட்டது, வீட்டை விற்கப் போகிறோம் என்று சாமான்களை வாசலில் பரப்பியிருந்தார்கள். பழைய ஸ்கீ பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த வெள்ளிக் காப்பு கிடந்தது. நடுவில் கறுப்பு நரம்போடிய பச்சை நீலக் கல். அங்கே பூர்வகுடிகளான நவஹோ மக்கள் கையால் செய்தது, தன் மாமியார் காலத்துச் சாமான் என்று அந்த அம்மாள் சொன்னார். போட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான், கழற்ற மனம் வரவில்லை.

அதன்பிறகு சர்ச் பஜார், இணைய ஏலம் என்று ஒன்றையும் விடவில்லை. ரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். எதையும் தெரிந்துகொள்ளாமல் வாங்கப் பிடிக்காது. சுற்றுலாக்காரர்களுக்காக மெஷினில் அடித்தது லேசாக இருக்கும், பூவேலை அச்சுப் பிசகாமல் இருக்கும். கையால் செய்ததில் ஒரு பூ மற்றதைவிடக் கொஞ்சம் சாய்ந்திருக்கும், பின்புறம் அரம் தேய்த்த தடம் தெரியும். பள்ளங்களில் படிந்த கறுப்பைத் தேய்த்து எடுக்கவே கூடாது. பழைய நகைக்கு அழகே அதுதான். என் கணவருக்கு இதெல்லாம் ஏறாது. "நம்ம ஊர்ல வெள்ளி காலுக்குத்தானே?" என்பார். காதில் விழாததுபோல் இருந்துவிடுவேன்.

ரொம்ப நாள் தேடி ஒரு பெரிய மாலை வாங்கினேன். உருண்டை உருண்டையாக வெள்ளி மணிகள், இடையிடையே இதழ் விரிந்த பூக்கள், நடுவில் தொங்கும் ஒரு பிறை. என் தாலிச் சங்கிலி அந்த மணிகளில் உரசிக் கீறல் விழ ஆரம்பித்தது. சங்கிலியைக் கழற்றி, மற்றத் தங்கம் இருக்கும் பாங்க் லாக்கரிலேயே வைத்துவிட்டுத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டேன். கழுத்தில் பளிச்சென்று தெரிந்தது வெள்ளி மட்டும்தான்.

இதையெல்லாம் ஆசை தீரச் சொல்ல எனக்கு ஒரே ஆள்தான், நகருக்குள் அஹுன்ட்சிக்கில் இருக்கும் என் மட்டக்களப்புத் தோழி. நாங்கள் அந்தப் பக்கம் குடியிருந்தபோது வீட்டிலேயே கார்டெரி வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். என் மகள் நடை பழகியது அவள் வீட்டுக் கூடத்தில்தான். மகளுக்கு அவள் இன்றைக்கும் அன்ரி. அவ்வப்போது மெட்ரோ பக்கத்துக் காப்பிக் கடையில் சந்திப்போம். நான் காப்பைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வேன், அவள் தலையாட்டிக் கேட்பாள். ஒருமுறை, "திருநீறு போட்டுத் தேய்ச்சா பளிச்செண்டு வரும் அக்கா. செஞ்சு தரட்டா?" என்றாள். பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். காப்பிக்கு என்னைக் காசு கொடுக்கவே விடமாட்டாள். கிளம்பும்போது, "கூடச் சமைச்சிட்டன்" என்று மீன் குழம்பு டப்பாவை நீட்டுவாள். இத்தனை வருடம் சமைத்தும் இவளுக்கு அளவு தெரியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

போன வசந்தத்தில் அவள் பேத்தி பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது. பெரிய மண்டபம், பல்லக்கு, பூமழை. ஹெலிகாப்டர் ஒன்றுதான் குறை. எனக்கு இதெல்லாம் தெரிந்தது ஃபேஸ்புக்கில். அழைப்பு இல்லை. அந்த வாரம்தான் சேர்ந்து காப்பி குடித்திருந்தோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னதான் பழகினாலும் நான் இந்தியாக்காரிதானே என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவள் போன் செய்தால் எடுக்கவில்லை.

இந்த லட்சணத்தில் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தோழியை அழைக்கப் போவதில்லை என்று சொன்னேன். அன்ரி வராவிட்டால் தானும் வரப்போவதில்லை என்று மகள் பிரெஞ்சில் பொரிந்துவிட்டு, பத்திரிகையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாளே தோழி பஸ் மாறி வந்து வாசலில் நின்றாள். வா என்று கதவைத் திறந்ததோடு சரி. என் கழுத்தில் அந்த மாலை இருந்தது. கல்யாணத்துக்கு எந்தப் புடவைக்குப் பொருந்தும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். என் கணவர் வீட்டில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கைப்பையிலிருந்து ஒரு வெல்வெட் பையை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளே அவள் கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் தடித்த தங்கச் சங்கிலி.

"கலியாணத்துக்கு இதைப் போடுங்க அக்கா. சம்பந்தி ஆக்களுக்கு முன்னால இந்த வெள்ளியோட நிக்கேலாது. நான் ஆரிட்டயும் சொல்லமாட்டன்."

"எனக்கு எதுக்கும்மா? எங்கிட்டதான் இருக்கே."

"எனக்கிட்ட ஒளிக்கத் தேவல்ல அக்கா. தாலி கயித்தில கிடக்கிறதை நான் எப்பவோ கண்டுட்டன். தங்கமெல்லாம் போயிட்டுதெண்டு விளங்கிட்டு. அதுதான் பேத்தியிட சடங்குக்கும் சொல்லல்ல. சொன்னா நீங்க வெறுங்கையோட வரமாட்டீங்க. எங்கயாவது கைமாத்து வாங்கி ஒரு மோதிரமாவது கொண்டு வருவீங்க. எனக்கு அது தாங்காது."

காப்பிக்கு அவள் கொடுத்த காசும் அந்த மீன் குழம்பும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. லாக்கர் விஷயத்தை, சங்கிலியில் விழுந்த கீறலை, இந்த மாலை என்ன விலை என்பதை எல்லாம் கொட்டினேன். "ஒவ்வொரு தடவையும் சொன்னேனே, எவ்வளவு ஆசையா வாங்கினேன்னு!"

"ஓம், சொன்னீங்கதான். இல்லாத ஆக்கள்தானே வெள்ளியைப் பற்றி இவ்வளவு கதைப்பாங்க? பாவம், மனசை ஆத்துறாங்க எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய், பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு குறையும் இல்லாதவளுக்காக இவ்வளவு நாளும் குழம்பு சுமந்தோமே என்ற வெட்கம் அவளுக்கு. இப்போது போகவிட்டால் இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று எனக்குப் பயமாகிவிட்டது. பையைத் திரும்ப வாங்கிச் சங்கிலியை என் கழுத்தில் போட்டேன்.

"கல்யாணத்துக்கு இதைத்தான் போடப்போறேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்காதே."

"அப்ப உங்கட மாலை?"

அதைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன். ஹால் கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். பிறையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "பாரமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "ஒரு நாளைக்குத்தானே" என்று சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

கல்யாணத்தன்று மெரூன் பட்டும் அந்த மாலையுமாக அவள் வந்தபோது, நான் போட்டிருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்று பட்டது. பொறாமையாகக்கூட இருந்தது. சாப்பிடும்போது பிறை சாம்பாரில் விழாமல் இடது கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள். அவளோடு காரில் வந்திருந்த அவள் மச்சாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்கட மச்சாளுக்கு ஏதும் கஷ்டமா? எங்களுக்கிட்ட ஒண்டும் சொல்றாவில்ல."

கஷ்டம் ஒன்றும் இல்லை, அது என் மாலை, நவஹோ மக்கள் கையால் செய்தது, தங்கத்துக்குக் குறைந்ததில்லை என்று விளக்கமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டாள். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரிந்த தலையாட்டல்.

அடுத்த வாரம் தோழி போன் செய்தாள்.

"அக்கா, மச்சாள் வந்திட்டுப் போறா. கூடச் சமைச்சிட்டாவாம். ரெண்டு டப்பா இறால் குழம்பு இருக்கு. வாங்க."