வியாழக்கிழமைச் சட்டை

அடுத்தவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுவது என் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவள். சொல்வதில் ஏதாவது தப்பாகிவிடலாம். மீட்டர் பார்க்கிறவர்கள், சிலிண்டர் போடுகிறவர்கள் என்று என்னைப் போலக் கேட்டைத் தட்டிப் பிழைக்கிற நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். தொட்டியைப் பார்க்காமல் பார்த்ததாக எழுதினால் வேலை போய்விடும். பார்க்கப் போய் நாய் கடித்தால், ஊசி போடக் கூட்டிப்போக வீட்டில் ஆள் இல்லை.

குழாயடி

இராஜபாளையத்தில் வியாழக்கிழமை நான் போகிற தெருவின் கடைசி வீட்டில் இராஜபாளையம் நாய் ஒன்று இருக்கிறது. வெள்ளை, என் இடுப்பு உயரம். கேட்டுக்கும் குழாயடிக்கும் நடுவே நான் நின்றால் சும்மா பார்க்கும். குழாயடியைத் தாண்டிக் கால் வைத்தால் பல் தெரியும். தொட்டியோ அதற்கு அந்தப் பக்கம். வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்தவர். ஐந்து வாரம் அவர் நாயைப் பிடித்துக்கொண்டார். நான் சேலைக்கு மேல் போடும் நீலச் சட்டையை அது மோந்து பார்க்க, மூச்சு விடாமல் நின்றேன். ஆறாவது வாரம் தானாக வழி விட்டது.

"கோடு போட்ட மாதிரில்லா நிக்குது" என்றேன்.

"பார்டர்ல இருவது வருசம் நானும் அதைத்தாம்மா செஞ்சேன். எனக்குச் சம்பளம் குடுத்தாவ, அதுக்குச் சோறு."

தூண்

பார்த்து முடித்த வீட்டின் கேட்டுத் தூணில் தேதியும் கையெழுத்தும் சாக்பீஸில் போட வேண்டும். ஒரு வீட்டு அம்மா, நான் தெருவைத் தாண்டுமுன் ஈரத்துணியோடு வந்து அழித்துவிடுவார். ஒரு நாள் என்னை நிறுத்திக் கேட்டார்:

"எங்க மாமனார் கட்டுன தூணு. இதுல எழுத ஒனக்கு எம்புட்டுத் தைரியம்?"

நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாய் வந்து தூணை மோந்துவிட்டு, சரியாக என் கையெழுத்தின் மேல் காலைத் தூக்கியது. அவர் விரட்டவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துச் சொன்னார்:

"அது கெடக்கு. அது நம்ம தெரு நாயி."

என் வீட்டுத் தொட்டி

நான் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். ஒரு லீவு நாளில் நீலச் சட்டையைப் புதிதாக வாங்கிய வாசனைச் சோப்புப் போட்டு அலசி, வாசல் கொடியில் காயப்போட்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். என் கதவைத் தட்ட யாரும் இல்லாததால் ஆசையாகத்தான் ஓடினேன். முன்பின் தெரியாத ஒரு பெண், கையில் டார்ச்சோடு நிலைப்படியில் கால் வைத்ததும், என் கை தானாகக் குறுக்கே போனது. "தொட்டி சுத்தமாத்தான் இருக்கு, போ" என்றேன். அவளும் என்னைப் போலத் தொட்டி பார்க்க வந்தவள். கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்களே மறிச்சா நான் எங்கக்கா போவேன்?"

சோப்பு வாசனை

அடுத்த வியாழன் குழாயடியைத் தாண்டினேன். சட்டையின் ஓரம் வெள்ளை நாயின் வாயில் இருந்தது. பட்டாளத்துக்காரர் ஓடிவந்து பிடித்ததில் துணி கிழிந்ததோடு போயிற்று. தொட்டியைப் பார்த்துவிட்டுத் தூணில் தேதி எழுதினேன். அவர் நாயோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"சோப்பு மணக்குதேம்மா. அதுக்கு நீ இன்னைக்கு வேத்தாளு."

கிழிசலைத் தைத்து அந்தச் சட்டையை வியாழக்கிழமைக்கென்று தனியாக வைத்துவிட்டேன், துவைப்பதே இல்லை. இரண்டு ஊரிலுமாக என்னை இன்னாரென்று அறிந்து உள்ளே விடுகிறது அந்த ஒரு சீவன்தான்.