மந்திரத்தின் மறுபாதி

கொட்டாஞ்சேனையில், லூசியா கோயில் மணி கேட்கிற தூரத்தில், மூன்றாம் மாடி வீடொன்றில் இருக்கும் செலீனுக்குப் பொறுமை என்ற சாமான் பிறக்கும்போதே கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட மனுசிக்கு வாய்த்த உத்தியோகத்தைப் பாருங்கள். வெள்ளவத்தையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், கன்னம் வீங்கி வருகிற சனத்துக்கு நம்பர் கொடுத்து, "கொஞ்சம் இருங்க, கூப்பிடுவாங்க" என்று நாள் முழுக்கச் சொல்லுகிற வேலை. இருபது வருசமாக ஊரைப் பொறுக்கச் சொன்னவள், தன் வீட்டில் சோறு வேகும் வரைக்கும் பொறுக்கமாட்டாள். ஐந்து தடவை மூடியைத் திறந்து பார்த்துவிடுவாள்.

புருசன் வின்சன்ற் அதற்கு நேர் எதிர். துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளைச் சரிபார்க்கும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவசரப்பட்டால் ஒரு பெட்டி தவறிவிடும் என்று பழகிய ஆள், கதைப்பதையும் அப்படியே ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகத்தான் கதைப்பார். அவர் ஒரு வசனம் முடிப்பதற்குள் செலீன் அதை முடித்து, பதிலும் சொல்லி, சண்டையும் பிடித்திருப்பாள்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் தினமும் அகப்பட்டுத் தவித்தது செபமாலைதான். பின்னேரம் ஆறரைக்குச் செபமாலை, அது முடிந்துதான் சாப்பாடு. மாலையின் ஒவ்வொரு மணியாக உருட்டிச் சொல்லுகிற அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதியை வின்சன்ற் சொல்ல வேண்டும், மறு பாதியைச் செலீனும் மகள் ஷெரோமியும் சொல்ல வேண்டும். வின்சன்ற் தன் பாதியை முடிக்கும் முன்பே செலீன் தன் பாதியில் பாய்ந்துவிடுவாள். வின்சன்ற் மணியை விரலில் பிடித்தபடி நிறுத்துவார்.

"செலீன், மாதாவுக்கும் மூச்சு விடக் கொஞ்சம் நேரம் குடு."

"மாதாவுக்கு அடுப்பில கறி இல்ல. எனக்கு இருக்கு."

செபமாலை முடிந்ததும் வின்சன்ற் கொண்டுவந்த ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். பெரிய விசயம் எதுவும் ஆகாது, அன்றைக்கு நடந்த சின்ன விசயமாக இருக்க வேண்டும். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக்கூடாது. "பஸ்ஸில ஜன்னல் பக்கம் சீற் கிடைச்சதுக்கு நன்றி." "ஒஃபிஸில மழைக்கு முந்தியே என்னை விட்டதுக்கு நன்றி." ஒரு நாள் அவர், "செலீன்ட மீன் குழம்பில இண்டைக்கு உப்பு இருந்ததுக்கு நன்றி" என்று சொல்லி, அதற்காகக் குழம்பே கிடைக்காமல் போனது. நன்றி சொல்ல மறுக்கிறவர்களுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். ஒண்டும் இல்லாத ஆளுக்குச் சோறும் இல்ல.

ஐந்து மாதத்துக்கு முன், ஒரு காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னாலேயே சரிந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் முழுதும் போனது, பேச்சும் போனது. "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் அதுதான், நொந்தாலும் அதுதான், கொசு கடித்தாலும் அதுதான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை ஒருத்தி இரண்டு முறை அவரைப் பார்த்தாள். "நீங்க அவருக்காகக் கதைக்காதீங்க ஆன்ரி, அவருக்கு நேரம் குடுங்க" என்றாள். நேரம் என்று அந்தப் பிள்ளை மாதக்கணக்கைச் சொல்கிறாள் என்றுதான் செலீன் விளங்கிக்கொண்டாள். மூன்றாவது முறை போகவே முடியவில்லை. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. அவரைக் கதிரையில் வைத்து மூன்று மாடி இறக்க நாலு ஆம்பிளைகள் வேண்டும். முதல் தடவை ஓடி வந்த ஆட்கள் மூன்றாம் தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாரிப்பிடிப்பு என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, செலீனுக்கே நாரி விட்டுப் போயிருந்தது.

விடியமுதல் எழும்பி அவரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக இறக்கிவிட்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறுவாள். ஷெரோமிக்குப் புதிதாகக் கிடைத்த வேலை, லீவு என்று வாய் திறக்க முடியாது. பகலில் பக்கத்து வீட்டு ஸமீமா வந்து பார்ப்பாள், மத்தியானக் கஞ்சியும் அவள்தான் கொடுப்பாள். அவளுக்கும் மூன்று பிள்ளைகள், ஒரு மாமியார். எத்தனை நாளைக்கு? செலீன் பாத்ரூமுக்குள் போய் பைப்பைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்பது அவள் எண்ணம். கேட்கும் என்று ஷெரோமிக்குத் தெரியும்.

செபமாலையை மட்டும் அவள் விடவில்லை. பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். விட்டால் வீடு அந்த இடத்திலேயே நின்றுபோகும் என்ற பயம். ஷெரோமி அடுப்படியில் நிற்க, இவள் கட்டிலடியில் முழங்காலில் இருந்து முதல் பாதியையும் தானே சொல்லி, மறு பாதியையும் தானே சொல்லி, ஒரே மூச்சில் ஐம்பது மணியையும் உருட்டித் தள்ளுவாள். அவரால் முடியாததை அவருக்காகத் தான் சொல்லிவிடுவதாக நினைத்தாள். அது அவள் அன்புதான், அதில் சந்தேகமில்லை.

நன்றி சொல்லும் நேரம் வந்தால் ஷெரோமி எதையாவது சொல்லுவாள். செலீன், "எனக்கு ஒண்டும் இல்ல" என்று எழும்பிப் போய்விடுவாள். ஒரு நாள் மகள் விடாமல் நின்றாள்.

"டடி இருக்கிறார் தானே மம்மி. அதையாவது சொல்லுங்க."

"இருக்கிறாரா? இது இருக்கிறதா? அண்டைக்கே ஆண்டவர் எடுத்திருந்தா அவருக்கும் நல்லம், எங்களுக்கும் நல்லம்."

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னாள். வின்சன்ற் மேலே சுற்றுகிற ஃபானைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

நீர்கொழும்புப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லம் ஒன்றில் இடம் கேட்டு வைத்திருந்தாள். புதன்கிழமை அங்கிருந்து போன் வந்தது. ஒரு கட்டில் காலியாம், சனிக்கிழமை கூட்டி வரட்டாம். செலீன் அறைக்குள் நின்றே கதைத்தாள்.

"அவர் அங்க வந்தா தேட மாட்டாரா மகள்? வீட்டைக் கேட்டு அழுவாங்க சில பேர்" என்றார் சிஸ்டர்.

"அவருக்கு ஒண்டும் விளங்காது சிஸ்டர். எங்க வச்சாலும் அவருக்கு ஒண்டுதான்."

அன்று பின்னேரம் கஞ்சிக் கரண்டியை நீட்டியபோது வின்சன்ற் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அடுத்த நாள் மத்தியானமும் அப்படித்தான் என்று ஸமீமா சொன்னாள். "நானும் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தன் அக்கா. பல்லைக் கடிச்சிக்கிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிட்டாரு." செலீன் ஈரத்துணியால் உதட்டை நனைத்தாள், பிளாஸ்டிக் குழாயால் தண்ணீரை ஒழுகவிட்டாள். நோய் முற்றுகிறது, இனி இறக்கம்தான் என்று முடிவு கட்டினாள். இல்லத்தில் என்றால் மூக்கால் குழாய் போட்டாவது ஊட்டுவார்கள். சனிக்கிழமைக்கு வான் வண்டியும் சொல்லியாகிவிட்டது, தூக்க ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் நல்ல சனம். காலி வீதி பஸ்ஸில் கோட்டை வரைக்கும் நின்றபடி வந்து, அங்கிருந்தும் நின்றபடி வந்து, மூன்று மாடி ஏறியபோது செலீனின் கால் இரண்டும் அவளுடையதாக இல்லை. அறையில் வின்சன்றின் உடுப்புகள் ஒரு பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஷெரோமி மடித்திருக்கிறாள். மேலே, அவர் கோயிலுக்குப் போடுகிற வெள்ளை ஷேர்ட். அது எதற்கு? அங்கே யார் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது?

ஆனாலும் நேரமாகிவிட்டது. முழங்காலில் இருந்து மணியைப் பிடித்தாள். வழக்கம்போல மந்திரத்தை ஓட்டினாள். முதல் பத்து போனது, இரண்டாம் பத்து போனது. மூன்றாம் பத்தில் எங்கேயோ, முதல் பாதியைச் சொல்லி முடித்தவளுக்கு மறு பாதி வரவில்லை. நாளைக்கு இந்நேரம் இந்தக் கட்டில் வெறுமையாகக் கிடக்கும் என்ற நினைப்பு வந்தது. கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு மந்திரத்துக்கு நடுவில், செலீன் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

கீழே ஒரு த்ரீவீலர் போனது. பிறகு ஒன்றுமில்லை.

"அர்ச்... சிஷ்ட... மரியாயே..."

அவள் தலையைத் தூக்கவில்லை. தூக்கப் பயமாக இருந்தது.

"சர்வேசுரனுடைய... மாதாவே..."

தடித்த, வழுக்குகிற குரல். வாயில் பாக்கு அடக்கியவன் கதைப்பதுபோல. ஆனாலும் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, மாதாவுக்கு மூச்சு விட நேரம் கொடுத்து, அது ஆமென் வரைக்கும் போய்த்தான் நின்றது. அதுவும் இவள் தினமும் சொல்லுகிற இப்போதைய சொற்கள் அல்ல. கோயிலில் எப்போதோ மாற்றிவிட்ட பழைய சொற்கள். வின்சன்ற் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் வீட்டில் சொன்னவை. இந்த வீட்டில் ஒருத்தரும் ஒரு நாளும் சொல்லாதவை.

அடுப்படியிலிருந்து ஷெரோமி கேட்டாள். "மம்மி, யார் வந்திருக்கிறது?"

செலீன் அடுத்த மணியைப் பிடித்து முதல் பாதியைச் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த இடைவெளி அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது. சொல்லிக்கொடுக்க நாக்குத் துடித்தது. சொல்லாமல் விட்டாள். வந்தது. அடுத்ததற்கும் வந்தது. ஷெரோமி அகப்பையோடு வாசலில் வந்து நின்று, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"டடி, என்ட பேரைச் சொல்லுங்க. ஷெரோமி. சொல்லுங்க டடி."

வின்சன்ற் வாயைத் திறந்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "ம்" என்றார். மறுபடியும் "ம்." கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர பேர் வரவில்லை. மந்திரத்துக்கு வெளியே அவருக்கு ஒரு சொல்லும் இல்லை. அற்புதம் என்று கோயிலில் சாட்சி சொல்லுகிற அளவுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் செலீனுக்கு வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மந்திரத்தில் தன் இடம் எது என்று தெரிகிறவருக்கு, இந்த வீட்டில் தன் இடம் எது என்று தெரியாதா? ஐந்து மாதமாக இந்த மனுசன் உள்ளே இருந்திருக்கிறார். தினமும் தன் முறைக்காகக் காத்திருந்திருக்கிறார். இவள் ஒரு நாளும் விடவில்லை. ஆண்டவர் எடுத்திருக்கலாம் என்று இவள் சொன்னபோதும் இருந்திருக்கிறார். எங்க வச்சாலும் ஒண்டுதான் என்றபோதும் இருந்திருக்கிறார். அதைக் கேட்டுத்தான் வாயை மூடியிருக்கிறார். அவளுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோத வேண்டும்போல் இருந்தது.

"இஞ்ச பாருங்க" என்றாள். "புதன்கிழமை நான் போனில சொன்னது உங்களுக்குக் கேட்டதா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

செலீன் எழும்பி, அதே அறைக்குள் நின்று, அவருக்குக் கேட்கத்தக்கதாக சிஸ்டருக்குப் போன் எடுத்தாள்.

"நாளைக்கு நாங்க வரல்ல சிஸ்டர். அவருக்கு விளங்குது. நான்தான் விளங்காம இருந்திருக்கிறன்."

"இந்த இடம் போனா பிறகு எப்ப வருமோ தெரியாது மகள். நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிக்கல்ல சிஸ்டர்" என்றாள் செலீன். அது உண்மை.

போனை வைத்தபோது ஒன்றும் மாறியிருக்கவில்லை. மூன்று மாடி மூன்று மாடியாகவே இருந்தது. லிஃப்ட் முளைக்கவில்லை. திங்கட்கிழமை யார் பார்ப்பது, ஸமீமாவிடம் எந்த முகத்தோடு கேட்பது, முதுகுப் புண் எப்போது ஆறும், ஒன்றுக்கும் விடை இல்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஷெரோமி பையைப் பிரித்து, வெள்ளை ஷேர்ட்டை எடுத்து அலுமாரியில் கொளுவினாள்.

மிச்சம் இருந்த மணிகளை மூன்று பேருமாகச் சொல்லி முடித்தார்கள். வழக்கத்தைவிட வெகு நேரம் எடுத்தது. கஞ்சி ஆறி ஆடை படிந்தது. முடிந்ததும் ஷெரோமி கண்ணைத் துடைத்தபடி, தாயின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க மம்மி. இல்லாட்டி சோறு இல்ல."

செலீன் கஞ்சிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். கரண்டியால் ஆடையை ஒதுக்கினாள்.

"இண்டைக்கு நான் வாயை மூடினதுக்கு நன்றி" என்றாள்.

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த தலை மெல்ல அசைந்தது. வின்சன்ற் திரும்பி அவளைப் பார்த்தார். வாயின் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கோணியது. சிரிப்பாகவும் இருக்கலாம். செலீன் கரண்டியை நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருந்தாள்.

வின்சன்ற் வாயைத் திறந்தார்.