தொண்ணூற்றிரண்டு வாட்

ஒயிட்ஃபீல்டில் அலுவலகக் கட்டடங்களுக்கு எவ்வளவு ஏசி வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதனால் மனிதர்களை நான் வாட்டில்தான் எண்ணுவேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறத்தாழ நூறு வாட் சூடு விடுவார். மீட்டிங் ரூமில் பத்துப் பேர் என்றால் எனக்கு அது ஆயிரம் வாட், அவ்வளவுதான். "மனுஷங்களப் போயி பல்பு மாதிரி எண்ணுறியே, நீயெல்லாம் உருப்படுவியா?" என்று அப்பா கேலி செய்வார்.

அப்பா போன பிறகு விவேக் நகர் வீட்டில் அம்மா மட்டும்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்து கொஞ்ச நாளில் போன் செய்தாள். "உங்கப்பா படுத்த இடம் சுடுதுடி." ஜன்னல் வெயில் படுகிறதோ என்னவோ என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி அழைத்தாள். "இப்ப இன்னும் ஜாஸ்தியா சுடுது. அவரு உத்தரிக்கிற ஸ்தலத்துல வெந்துட்டு இருக்காருடி. நம்மகிட்ட செபம் கேக்குறாரு."

மோட்சம் போவதற்கு முன்னால் ஆத்துமாக்கள் நெருப்பில் கிடந்து பாவத்தைக் கழிக்கும் இடம் அது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கேட்டுவிட்டுச் சின்ன வயதில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன். ஆனால் இந்த வயதில், இந்த ஊரில், அம்மா இப்படிப் பேசியதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நேரில் போய் நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்தேன். அம்மா பாதியாகியிருந்தாள். கட்டிலில் படுப்பதையே விட்டுவிட்டு, கீழே பாய் போட்டு, கையில் செபமாலையோடு கிடந்தாள். அடுப்படியில் பாத்திரங்கள் கவிழ்த்தபடியே இருந்தன. சாப்பிட்டாயா என்று கேட்டேன். "அவரு அங்க வேகும்போது எனக்கு எப்படிடி சோறு எறங்கும்?" என்றாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கட்டிலில் அப்பாவின் பக்கம் கை வைத்தேன். சுட்டது. காய்ச்சல்காரர் ஒருவர் இப்போதுதான் எழுந்து போனார் என்பதுபோல, இடுப்பு படும் இடத்திலிருந்து கால் வரை சுட்டது. தலையணை ஜில்லென்று இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "சேசுவே" என்று என் வாயிலிருந்தே வந்தது. "நான் சொன்னப்ப நம்பினியா?" என்றாள் அம்மா.

எனக்கும் ஒரு வேதம் உண்டு. சூடு இருந்தால் அதற்கு எங்கிருந்தாவது வாட் வந்தாக வேண்டும். காரிலிருந்து கிளாம்ப் மீட்டரை எடுத்து வந்தேன். ஒயரைச் சுற்றிக் கவ்வவிட்டால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லும் கருவி. ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெயின் போர்டைத் திறந்து அளந்தேன். பூஜ்யம் காட்ட வேண்டும். 0.4 ஆம்பியர் காட்டியது. வோல்டேஜ் 230. இரண்டையும் பெருக்கினால் தொண்ணூற்றிரண்டு வாட்.

ஓர் ஆள். வீடு முழுக்க அணைந்து கிடக்கிறது, ஓர் ஆளின் சூடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. போர்டைப் பார்த்தபடியே, மெதுவாக, "அப்பா" என்று கூப்பிட்டேன். இதை வெளியே சொன்னால் ஆபீசில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பிறகு படுக்கையறைக்குப் போகும் பிரேக்கரை மட்டும் இறக்கினேன். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. ஏற்றினால் மறுபடி 0.4. நேராகப் போய் அப்பாவின் ஜமக்காளத்தைப் பிடித்து இழுத்தேன். "ஐயோ, அவரு படுக்கையைக் கலைக்காதடி!" என்று அம்மா அலறினாள். அவர் போனதிலிருந்து அதை யாரையும் தொடவிடவில்லை அவள்.

அடியில் சூடு கொடுக்கும் மின்சார விரிப்பு ஒன்று கிடந்தது. ஒயர் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் போய் பிளக் பாயிண்டில் சொருகியிருந்தது. சர்க்கரையால் அப்பாவுக்குக் கால் மரத்து ஜில்லிட்டுப் போகும். ஆன்லைனில் எதை வாங்கினாலும் அம்மா கத்துவாள் என்று, கமுக்கமாக வரவழைத்து விரித்திருக்கிறார் மனுஷன். இறந்துபோன அன்றைக்குச் சாயங்காலம் அதைப் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போயிருக்க வேண்டும். தெருமுனையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் திரும்பவில்லை.

விரிப்பின் ஓரத்தில் 230 வோல்ட், 60 வாட் என்று போட்டிருந்தது. அப்படியானால் 0.26 ஆம்பியர்தான் ஓட வேண்டும். வோல்டேஜை அதால் வகுத்தால் தடை எண்ணூற்றெண்பது ஓமுக்குக் குறையாது. இப்போது ஓடும் 0.4ஆல் வகுத்தால் வெறும் ஐந்நூற்றெழுபத்தைந்து. எங்கோ மடங்கிய இடத்தில் உள்கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கரண்ட் குறுக்கு வழியில் ஓடுகிறது. தடை குறையக் குறைய ஓட்டம் கூடும், சூடும் கூடும். வாரத்துக்கு வாரம் அதிகமாகச் சுட்டது அதனால்தான். துணி ஓரிடத்தில் பழுப்பாகக் கருகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கட்டிலோடு அம்மாவும் எரிந்திருப்பாள்.

பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். பயம் போன வேகத்தில் வாய் நிற்கவில்லை. "நல்லாப் பாத்துக்கோ. அப்பா எங்கயும் வேகல. இது வெறும் கரண்ட். எழுந்து ரெண்டு வாய் சாப்புடு மொதல்ல."

அம்மா அழுவாள், இல்லை சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். சூடு அடங்கும்வரை எடுக்கவே இல்லை. மெத்தை முழுவதும் ஆறிப்போன பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப இத்தனை நாளும் அவரு இங்க இல்லவே இல்லையாடி?"