கரை ஏறின நாள்

என் கணவர் பர்மாவில், பகான் என்ற ஊரில் வேலை பார்த்தார். ஐராவதி ஆற்றுத் துறையில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வையிடும் வேலை. ஊர் முழுக்கக் கோயில்களாம். எண்ணப் போனவன் பாதியில் விட்டுவிட்டு வருவானாம். கல்யாணமான புதிதில், விடுப்பில் வந்திருந்தபோது, என்னை அங்கே கூட்டிப் போவதைப் பற்றியே பேசுவார். அதிலும் முதல் நாளைப் பற்றித்தான் பேச்சு முழுக்க.

"மொத நாளு ஒண்ணும் செய்யப்பிடாது, ஏளா" என்பார். தூத்துக்குடியில் தோணிக்காரர் வீட்டில் பிறந்தவர். கடலிலிருந்து வந்தவனைக் கரை ஏறின நாளில் எந்த வேலையும் ஏவக் கூடாது, வீட்டுக் கவலை எதையும் சொல்லக் கூடாது. சாவுச் செய்தியானாலும் மறுநாள் காலையில்தான். எங்கள் கரையில் தோணிக்காரர்களுக்கு அது சட்டம் மாதிரி.

எனக்கோ ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. "அம்புட்டுத் தூரம் வந்துட்டுப் படுத்துக் கெடக்கவா? நான் விடியுமுன்னே ஊரு பாக்கக் கெளம்பிருவேன்" என்பேன்.

"குளிச்சிட்டு ஒரு தூக்கம். வெயில் தாழ ஆத்தங்கரையில அரிசிச் சேவையும் மீன் கொழம்பும். பொறவு ஒரே ஒரு கோயிலு."

"வேற சாமி கோயிலுக்குப் போனா, மாதா கோயில் சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமே. என்ன சொல்லுதிய?"

"உள்ள யாரு போவச் சொன்னா? வாசல்ல மரத்தடியில உக்காந்து பாப்போம். மரத்தடியில என்ன பாவம்?"

அவர் முன்னால் போனார். வீடு பார்த்ததும் நான் போவதாக ஏற்பாடு. பெட்டி கட்டி வைத்திருந்தேன். அதற்குள் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். கப்பல் நின்றது. பர்மாவிலிருந்து ஜனங்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே வருகிறார்கள் என்றார்கள். தினமும் ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷனில் போய் நின்றேன். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்து எனக்கு மனிதர்கள் மேலேயே வெறுப்பு வந்தது. இத்தனை பேர் வருகிறார்களே, அவர் ஒருவர் வந்தால் என்ன?

ஒருநாள் உடம்புக்கு முடியாமல் வீட்டிலேயே இருந்தேன். மதியம் வாசலில் ஒருவர் வந்து நின்றார். என் கணவரோடு அதே துறையில் வேலை பார்த்த புன்னைக்காயல்காரர். எலும்பும் தோலுமாக, சொந்த வீட்டுக்குக்கூடப் போகாமல், ரயிலிலிருந்து நேரே வந்திருந்தார். தனியாக வந்திருந்தார்.

"தாயீ..." என்று ஆரம்பித்தார். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லாதிய அண்ணாச்சி. நீங்க கரை ஏறின நாளு" என்றேன்.

அவரும் கடற்கரைக்காரர். வாயை மூடிக்கொண்டார். குளிக்கத் தண்ணீர் வைத்தேன், சீலா மீன் பொரித்தேன், பாய் விரித்தேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நான் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வீட்டு வேலையைப் பார்த்தேன். மறுநாள் காலை வரைக்கும் எனக்குப் புருஷன் உண்டு. சாமியே வந்து கேட்டிருந்தாலும் அந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

காலையில் காப்பி கொடுத்தேன். சொன்னார்.

அஸ்ஸாம் பக்கம் அகதி முகாம் வரைக்கும் என் கணவரும் நடந்து வந்துவிட்டாராம். நல்ல காய்ச்சல். முகாமில் டீ கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் லாரியில் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாராம்.

"கரை ஏறியாச்சு அண்ணாச்சி. மொத நாளு ஒண்ணும் செய்யப்பிடாது. நாளைக்குப் போவோம்" என்று கண்ணை மூடியிருக்கிறார்.

"தம்பி தூங்குதான்னு நெனச்சோம் தாயீ" என்று அண்ணாச்சி அழுதார். "கரை ஏறின ஆள எப்படி எழுப்புறது?"

நான் எழுப்பியிருப்பேன். ஊர் பார்க்க வேண்டும், எழுந்திருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தே லாரியில் ஏற்றியிருப்பேன்.