தூண் இல்லாத கூரையை நான் நம்புவதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் செல்போனில் உலகத்து ஸ்டேடியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்று காக்கா கூடு மாதிரி, இரும்பைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கட்டியது. ஒன்று கூடாரம் மாதிரி. இன்னொன்றைக் கப்பலில் வரும் பெட்டிகளை அடுக்கியே எழுப்பியிருந்தார்கள்.

"அம்மாம் பெரிய கூரை, முன்னாடி ஒரு தூண்கூட இல்ல. எப்படிப்பா நிக்குது?" என்று சின்னவள் கேட்டாள்.

"அப்பாவைக் கேக்காதடி. அது எதையும் நம்பாது" என்று பெரியவன் சிரித்தான்.

உண்மைதான். ஏன் நம்புவதில்லை என்று எழுதிவைக்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது வளைகுடாவில் ஒரு ஸ்டேடியத்துக்குக் கம்பி கட்டப் போயிருந்தேன். நம் ஏரி அளவுக்கு மைதானம், அதன்மேல் பாதி வானத்தை மறைக்கிற மாதிரி நீண்டுகொண்டு வரும் கூரை. முன்பக்கம் தாங்க ஒன்றுமில்லை. முதல் வாரம் மத்தியானச் சாப்பாட்டை எல்லோரும் அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட, நான் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்தேன். அங்கே படியும் வராந்தாவும் கட்டக் கட்டத்தான் சூட்சுமம் புரிந்தது. ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துக் கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். தோளின் மேல்பக்கம்தான் இழுக்கும். தூணில்லாமல் நீட்டி நிற்கிற தளமும் அப்படித்தான். அதற்குப் பலமான கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும். சுற்றிலும் சுவர் தாங்குகிற நம் வீட்டுத் தளத்துக்கு அது கீழ்பக்கம்.

இரண்டு வருஷம் முன்னால் நம் ஊர்க் கபடித் திடலில் கேலரி கட்டினார்களே, அதற்கும் முன்பக்கம் தூணில்லாத கூரைதான் வேண்டும் என்று ஊர்ப் பையன்கள் பிடிவாதம் பிடித்தார்கள். ஆட்டத்தைத் தூண் மறைக்குமாம். மேஸ்திரி உங்கள் மாமா. கம்பி கட்டியது நான். கம்பியை மேலே நிறுத்த, கீழே நாற்காலி மாதிரி வளைத்த சின்னக் கம்பிகளைக் கொடுத்துக் கட்டினேன். அதுவரை எல்லாம் சரி.

காங்கிரீட் போடுகிற அன்று எனக்கு வேறொரு சந்தேகம். மச்சான் சிமெண்டைக் குறைத்துவிடுவார் என்று மனசுக்குள் ஒரு அரிப்பு. காலையிலிருந்து கலவை மிஷின் பக்கத்திலேயே நின்றேன்.

"இன்னா மாப்ள, போலீசு வேலைக்குச் சேந்துட்டியா?" என்றார் மச்சான்.

"சும்மாதான் நிக்கிறன்."

"உன் சும்மா எனக்குத் தெரியாதா? மூட்டையை மோந்து வேணாப் பாரு."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நகரவில்லை. தளம் போடுகிற அன்று வேலை முடித்ததும் பிரியாணி என்பது நம் பக்கத்து வழக்கம். பிரியாணி வாசனை வந்ததும் எல்லோருக்கும் வேகம் கூடிவிட்டது. மேலே தளத்தில் என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. சிமெண்டில் ஒரு குறையும் இல்லை என்ற திருப்தியோடு நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து டீக்கடையில், அன்று கலவைச் சட்டி தூக்கிய பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மேல நடக்கறப்ப உன் கம்பி ஊஞ்சலாட்டம் ஆடுச்சிண்ணே. மிதிச்சி மிதிச்சிப் பாயாட்டம் படுக்க வெச்சிட்டோம்."

கம்பி கீழே படுத்துவிட்டதென்றால் கூரையைத் தாங்குவது, காங்கிரீட் இறுகும்வரை அடியில் கொடுத்த சவுக்குக் கம்பு முட்டுகள் மட்டும்தான். வெள்ளிக்கிழமை முட்டுகளைப் பிரிப்பதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை போட்டி. படியில் நீங்களும் உங்களோடு படிக்கிற பிள்ளைகளும் உட்காருவீர்கள்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அவள் விளையாட்டாகச் சொல்லியிருப்பாள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் முதல் முட்டில் சுத்தியல் விழுந்த சத்தம் கேட்டதும்தான் ஓடினேன். ஓடிப்போய் முட்டுக் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா ஊர் சிரிக்க நின்றதாகப் பள்ளிக்கூடத்தில் உங்களைக் கேலி செய்தார்களே, அது அன்றைக்குத்தான்.

மச்சானுக்குக் கோபம் தலைக்கேறியது. "அன்னிக்கு சிமெண்டு. இன்னிக்கு இன்னா? என்னைத் திருடன்னு ஊருக்கே சொல்லணும், அதான உனக்கு?"

"நீ ஒண்ணும் பண்ணல மச்சான். கம்பி என் பொறுப்பு. அது மேல நிக்குதான்னு நான் பாத்திருக்கணும். உன்னைப் பாத்துக்கினு நின்னுட்டன்."

அவர் உளியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பின்சுவரை ஒட்டித் தளத்தின் மேல்பக்கத்தைக் கொத்தினோம். ஒரு விரல் ஆழத்தில் கம்பி தட்டவேண்டும். தட்டவில்லை. இன்னும் கொத்தினோம். நாலு விரல் ஆழத்துக்கு அப்புறம்தான் உளி இரும்பில் பட்டு 'டங்' என்றது. பக்கத்தில் இன்னொரு இடம். அங்கேயும் அப்படியே. மச்சான் உளியைக் கீழே வைத்துவிட்டு அடித்துத் தளர்த்திய முட்டுக் கம்பைத் திரும்ப இறுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கேலரியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு ஊரே வெயிலில் நின்று ஆட்டம் பார்த்தது. என் காதுபடத் திட்டினார்கள். பிறகு வந்து பார்த்த இன்ஜினியர், கம்பி கீழே இருப்பதால் முன்னால் இரண்டு தூணும் அதன்மேல் ஒரு பீமும் கொடுத்தால் வீட்டுத் தளம் மாதிரி நின்றுகொள்ளும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

மச்சான் ஒரு மாதம் நம் வீட்டுக்கு வரவில்லை. அப்புறம் ஒருநாள் வாசலில் நின்றபடியே சொன்னார்: "தூணுக்குக் கம்பி கட்ட வா மாப்ள. இந்த வாட்டி உன்னைச் சந்தேகப்பட்டுக்கினு நான் நிக்கிறன்."

சொன்னபடியே நின்றார். நான் முறுக்கிய ஒவ்வொரு கட்டுக் கம்பியையும் இழுத்துப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த போட்டிக்கு நீங்கள் இரண்டு பேரும் இரண்டாவது படியில் உட்கார்ந்திருந்தீர்கள். தூண் மறைக்கிறது என்று பெரியவன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான். யார் ஜெயித்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடைசி ஆள் எழுந்து போகிறவரை நான் வெளியே நின்று, கூரையும் பின்சுவரும் சேருகிற இடத்தில் விரிசல் விடுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.